வெள்ளிக்குள் போன வெளிச்சம்

யதுர்ஷா என்ன செய்கிறாள் என்று ஒஸ்லோவுக்குப் பக்கத்து லோறென்ஸ்கூக்கில் தமிழ்ச் சனம் கேட்கும்போதெல்லாம் அவளுடைய அம்மா செல்வமலர், "வெளிச்சத்திலை ஆராய்ச்சி" என்று சொல்லிவிட்டு வடைத் தட்டை நீட்டுவார். அதற்குமேல் அவருக்கும் தெரியாது, கேட்டவர்களுக்கும் தேவைப்படவில்லை. டாக்டர், என்ஜினியர் என்று பிள்ளைகளை வளர்த்து வைத்திருந்தவர்கள் நடுவில் அந்தச் சொல் கொஞ்சம் மரியாதையோடுதான் நின்றது.

உண்மையில் அவள் நாள் முழுக்க இருந்தது இருட்டில். ஒஸ்லோ நகரத்து ஆராய்ச்சி நிறுவனம் ஒன்றின் நிலக்கீழ் மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறை. கதவிடுக்கில் கறுப்புத் துணி. குளிர்காலத்தில், தான் குடியிருந்த ஹவுகெட்டோவில் காலை ரயில் ஏறும்போதும் இருட்டாக இருக்கும், திரும்பி வந்து இறங்கும்போதும் இருட்டாக இருக்கும். நடுவில் அந்த அறை. அவள் அங்கே ஸ்திபென்தியாத். சம்பளத்தோடு முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்பவர்களை நோர்வேயில் அப்படித்தான் சொல்வார்கள். நாலு வருஷ ஒப்பந்தம். அதற்குள் ஆய்வேட்டை எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.

அவளுடைய அப்பா இந்திரகுமார் யாழ்ப்பாணத்தில் உயர்தரம் கணிதப் பிரிவில் படித்துப் பல்கலைக்கழகம் போக முடியாமல் ஓடி வந்தவர். முதலில் நோர்வேயின் வடகோடியில் மீன் தொழிற்சாலை, பிறகு ஒஸ்லோவில் பஸ் கழுவுகிற இடம், பிறகு அதே இடத்தில் திருத்துகிற வேலை. அம்மா வயது போனவர்களின் வீடுகளுக்குப் போய்க் குளிப்பாட்டி மருந்து கொடுக்கிறவர். இரண்டு பேரும் சேர்ந்து லோறென்ஸ்கூக்கில் ஒரு வீடு வாங்கினார்கள். யதுர்ஷா மட்டும் ஹவுகெட்டோவில் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்து இருந்தாள். முப்பத்திரண்டு வயதில் பெண்பிள்ளை தனியே இருப்பதைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் அம்மா ஒரே பதிலைத்தான் வைத்திருந்தார். ஆராய்ச்சி முடியட்டும்.

அப்பாவுக்கு அந்தப் பதில் போதவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை ஸ்டேஷனிலிருந்து காரில் ஏற்றிக்கொண்டு வரும்போது கேட்டார்.

"பிள்ளை, நீ அங்கை என்னதான் செய்யிறாய் எண்டு எனக்கு ஒருக்கா ஒழுங்காச் சொல்லு."

"ஓர் அணுவுக்குக் கொஞ்சம் சக்தி குடுத்தால் அது மேல்நிலைக்குப் போகுமெல்லே அப்பா. பிறகு நாங்கள் தொடாமல் விட்டாலும் தானாக் கீழை இறங்கும். இறங்கேக்கை ஒரு துளி வெளிச்சத்தை விடும். அதை ஏன் விடுது, எவ்வளவு கெதியா விடுது, அதுதான்."

"நாங்கள் படிக்கேக்கை அருட்டிய அணு எண்டு சொல்லுறது." அவர் சிக்னலில் நிறுத்தினார். "அருட்டுறது எண்டால் நித்திரையாக் கிடக்கிறவனைத் தட்டி எழுப்புறதெல்லே. எழும்பினவன் திரும்பப் படுக்கத்தானே பாப்பான். இதிலை ஆராய என்ன கிடக்கு?"

"அதிலைதான் பிரச்சினை. அணுவை மட்டும் தனிய வைச்சுக் கணக்குப் போட்டால், அது மேலையே இருக்கும் எண்டுதான் விடை வரும். எண்டைக்கும். இறங்க ஒரு காரணமும் இல்லை."

"ஆனால் இறங்குது."

"ஓம். ஏனெண்டால் அது தனிய இல்லை. சுத்திவர இருக்கிற வெளி, கும்மிருட்டா இருந்தாலும், ஒண்டுமே இல்லாட்டியும், சும்மா கிடக்கிறேல்லை. வெளிச்சம் போகக்கூடிய ஒவ்வொரு வழியும் அங்கை எப்பவும் மெல்லிசா நடுங்கிக்கொண்டிருக்கும். அணு அதோடை பிணைஞ்சு கிடக்கு. அதாலைதான் இறங்குது. தானா எண்டு பேர்தான்."

இந்திரகுமார் பச்சை விழுந்ததைக் கவனிக்கவில்லை. பின்னால் நின்ற கார் ஹோர்ன் அடித்தது.

"அப்ப அந்த வெளியை மாத்தினால்?" என்று ஓடத் தொடங்கிய பிறகு கேட்டார்.

யதுர்ஷா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பேராசிரியர் ஹெல்கெ அவளிடம் சொன்னது இதைத்தான். "மாத்தினால் இறங்கிற நேரமும் மாறும் அப்பா. பக்கத்திலை ஓர் ஆடியை வைச்சாலே மாறும். அதுதான் எங்கடை வேலை."

"எங்கடை" என்று அவள் சொன்னது கரோலினாவையும் சேர்த்து. கரோலினா போலந்துக்காரி, யதுர்ஷாவை விட ஏழெட்டு வயது மூத்தவள். முனைவர் பட்டம் எடுத்தபின் மூன்று நாடுகளில் தற்காலிக வேலை பார்த்து, நாலாவதாக ஒஸ்லோவுக்கு வந்திருந்தாள். போன இடமெல்லாம் மகன் ஒலெக்கையும் இழுத்துக்கொண்டு போனவள். ஒவ்வொரு நாட்டிலும் பையன் புதிதாக ஒரு மொழியில் எண்ணப் பழகினான். இருட்டறையில் கையால் தடவியே கருவிகளைப் பொருத்த யதுர்ஷாவுக்குக் காட்டிக் கொடுத்தவள் அவள்தான். மத்தியானத்தில் செல்வமலர் கட்டிக் கொடுத்த இடியப்பத்தையும் கரோலினாவின் புளித்த வெள்ளரிக்காயையும் இருவரும் மாற்றி மாற்றிச் சாப்பிடுவார்கள். இருவரும் நொர்வேஜிய மொழியில்தான் கதைப்பார்கள். கரோலினாவுக்கு உணர்ச்சி வந்தால் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள்.

அவர்கள் செய்தது பார்வைக்குச் சின்ன விஷயம். வெள்ளி பூசிய ஓர் ஆடி. அதன்மேல் மிக மெல்லிய கண்ணாடிப் படலம். அதற்குமேல் யூரோப்பியம் என்ற உலோகத்தின் அணுக்கள் கலந்த இன்னொரு படலம். ஊதாக்கடந்த ஒளியால் ஒரு கணம் அடித்தால் அந்த அணுக்கள் சிவப்பாய் ஒளிர்ந்து அணையும். ஆடி இல்லாவிட்டால் அணைய ஏறத்தாழ ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு எடுக்கும். ஆடியின் அருகில் அதைவிடப் பலமடங்கு வேகமாக அணைந்தது. யாரும் எதிர்பார்க்காத வேகம். அணுவைத் தன் வெளிச்சத்தைச் சொன்ன நேரத்தில் சொன்னபடி விட வைக்க முடிந்தால் எத்தனையோ செய்யலாம் என்று உலகம் முழுக்க ஆட்கள் முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வருஷக் கடைசியில் அவர்களுடைய கட்டுரை நல்ல சஞ்சிகையில் வந்தது. பேராசிரியர் ஹெல்கெ மார்ஸிப்பான் கேக் வாங்கிக்கொண்டு வந்து தன் கையாலேயே வெட்டினார். கரோலினா அன்றைக்கு அழுதாள். அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் பிறகு அவள் த்ரொண்ட்ஹைம் பல்கலைக்கழகத்தில் ஒரு நிரந்தர வேலைக்கு விண்ணப்பித்தாள், கடைசி இரண்டு பேரில் ஒருத்தியாக வந்தாள். கிடைத்தால் ஒலெக் இன்னும் ஒரே தரம் பள்ளிக்கூடம் மாறினால் போதும் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

நாலாம் வருஷம் இலையுதிர்காலம். யதுர்ஷா ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை எழுதிக்கொண்டிருந்தாள். அத்தியாயம் கட்டையாக இருந்தது. அதை நீட்ட இன்னொரு அளவீடு வேண்டும் என்றுதான் அவள் அதில் கைவைத்தாள். வேறு எந்தப் பெரிய எண்ணமும் அவளுக்கு இருக்கவில்லை.

அணு எவ்வளவு வேகமாக வெளிச்சத்தை விட்டாலும், விடுவது ஒரு துளிதான். ஆகவே வேகம் கூடினாலும் மொத்த வெளிச்சம் குறையக்கூடாது. ஆனால் அவர்களுடைய ஆடிகளில் மொத்த வெளிச்சம் நன்றாகவே குறைந்திருந்தது. கட்டுரையில் அதற்கு ஒரு வசனம் எழுதியிருந்தார்கள்: படலம் மெல்லியது என்பதால் அணுக்கள் குறைவாக ஒட்டியிருக்கலாம். அது கரோலினா சொன்னதா, ஹெல்கெ சொன்னதா, தான் சொன்னதா என்று யதுர்ஷாவுக்கு நினைவில்லை. மூன்று பேருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இப்போது அவள் எண்ணிப் பார்க்கக் கொடுத்தாள். சில துண்டுகளை வேறொரு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினாள். அங்கே அமிலத்தில் கரைத்து, உள்ளே எத்தனை அணுக்கள் என்று பார்த்துச் சொல்வார்கள். பதில் நவம்பரில் ஒரு காலை, ரயிலில் நின்றுகொண்டிருந்தபோது கைபேசியில் வந்தது. ஜன்னலில் ஈரப்பனி வழிந்துகொண்டிருந்தது. அணுக்கள் அத்தனையும் அங்கேயே இருந்தன. குறையவே இல்லை.

அப்படியானால் வெளிச்சம் எங்கே போனது? அவள் இறங்க வேண்டிய நிலையம் கடந்து போய்விட்டது. அடுத்ததில் இறங்கித் திரும்பி நடக்கும்போதே அவளுக்கு விடை தெரிந்துவிட்டது. பாடப்புத்தகத்தில் இருக்கிற விஷயம்தான். அருட்டிய அணு உலோகத்துக்கு மிக அருகில் இருந்தால், வெளிச்சமாய் விடுவதற்கு முன்பே தன் சக்தியை உலோகத்துக்குக் கொடுத்துவிடும். வெள்ளி அதை வாங்கி வெப்பமாக்கி முடித்துவிடும். வெளியே நின்று பார்ப்பவருக்கு அணு வேகமாக அணைந்தது மட்டும்தான் தெரியும். இடையில் இருந்த கண்ணாடிப் படலம் போதிய தடிப்பாக இருக்கும் என்று நம்பியிருந்தார்கள். ஆடியொன்றைக் குறுக்கே வெட்டி நுணுக்குக்காட்டியில் பார்த்தாள். படலம் பல இடங்களில் பாதிகூட இல்லை. சில இடங்களில் ஓட்டை. அணுக்கள் வெள்ளியை ஏறக்குறையத் தொட்டுக்கொண்டு கிடந்தன.

இரண்டு வருஷமாக, வெளிச்சம் விரைந்து வருகிறது என்று அவர்கள் கொண்டாடியது வெளிச்சமே வராமல் போனதைத்தான்.

முதலில் கரோலினாவுக்குத்தான் சொன்னாள். கன்டீனில், மூலை மேசையில். கரோலினா நுணுக்குக்காட்டியில் எடுத்த படங்களைப் பார்த்தாள். இரண்டாம் தரம் பார்க்கத் தேவைப்படவில்லை.

"வியாழக்கிழமை எனக்கு த்ரொண்ட்ஹைமில் நேர்முகம்," என்றாள்.

"தெரியும்."

"அது முடியும்வரைக்கும் ஹெல்கெயிடம் சொல்லாதே. பிறகு நான் உன்னோடு வந்து நானே சொல்கிறேன். ஒரு கிழமை, யது."

யதுர்ஷா சரி என்றாள். சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியை மூடினாள்.

அந்த வார இறுதியில் லோறென்ஸ்கூக்கில் அம்மா, ஸ்தவாங்கரிலிருந்து சொந்தக்காரர் வரப்போகிறார்கள், பட்டம் எடுக்கிற திகதியை முன்கூட்டியே சொன்னால் நல்லது என்றார். மண்டபம் பிடிக்க வேண்டும். அவர்களுடைய மகன் எண்ணெய்க் கம்பனியில் இருக்கிறான், நல்ல பிள்ளை, சும்மா கதைத்துப் பார்க்கலாம்.

"திகதி தெரியாது அம்மா."

"தை மாசத்திலை ஒப்பந்தம் முடியுது எண்டு சொன்னனி. அதுக்குள்ளை குடுத்துடுவாய்தானே?"

"பாப்பம்."

அப்பா செய்தியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு அவளைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள் என்று பிறகு நினைத்தாள். ஆனால் என்னவென்று சொல்வது? ஒரு பொருள் களவு போனால் களவு போனது என்று சொல்லலாம். இது ஒருநாளும் இருந்திருக்கவில்லை.

வியாழக்கிழமை கரோலினா த்ரொண்ட்ஹைமுக்குப் பறந்தாள். வெள்ளிக்கிழமை வரவில்லை. திங்கட்கிழமை யதுர்ஷா அறைக்குள் போனபோது அவள் ஏற்கெனவே அங்கே இருந்தாள், விளக்கைப் போட்டுக்கொண்டு. அந்த அறையில் விளக்கு எரிந்து யதுர்ஷா பார்த்தது அபூர்வம். சுவரில் ஈரக்கறை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"கேட்டார்கள்," என்றாள் கரோலினா. "குழுவில் ஒரு வயதான மனிதர். மிகவும் மரியாதையாகக் கேட்டார். வேகம் சரி, பிரகாசத்தைப் பார்த்தீர்களா, வெள்ளி விழுங்கவில்லை என்று நிச்சயமா என்று."

யதுர்ஷா கதவருகிலேயே நின்றாள்.

"சொல்லிவிட்டேன். போன கிழமைவரை நிச்சயம், இப்போது இல்லை என்று. அவர் நன்றி சொன்னார். வேறு யாரும் அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை." கரோலினா மேசையில் கிடந்த திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பெட்டியில் போட்டாள். "வேலை மற்றவருக்குப் போய்விட்டது. காலையில் அறிவித்தார்கள்."

"நீ பொய் சொல்லியிருக்கலாம்," என்று யதுர்ஷா சொன்னாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"இல்லை. என்னால் முடியாது. உனக்கும் அது தெரியும்." பிறகு கரோலினா ஆங்கிலத்துக்கு மாறினாள். குரல் உயரவில்லை. "ஆனால் நீ எனக்குச் சொல்லாமல் இருந்திருந்தால், அதே கேள்விக்கு அதே கதிரையில் இருந்து, அணுக்கள் குறைவு என்று நான் சொல்லியிருப்பேன். பொய் இல்லாமல். உண்மை என்று நம்பி. ஒரு கிழமை, யது. ஒரு கிழமை கழித்து உனக்கு அந்த முடிவு வந்திருந்தால் போதும்."

 நேர்முகம் முடிந்த பிறகு கரோலினாவுக்குச் சொல்லியிருக்கலாம். யதுர்ஷாவுக்கு அது தோன்றவே இல்லை. நல்லதைச் செய்கிறோம் என்று நினைத்து, முதல் ஆளாய் நண்பியிடம் ஓடினாள். அந்த ஓட்டம்தான் பழைய பதிலைச் சொல்ல முடியாமல் நண்பியின் வாயைக் கட்டிப்போட்டது.

இருவருமாகப் போய் ஹெல்கெயிடம் சொன்னார்கள். ஹெல்கெ கெட்ட மனிதர் அல்ல. முழுவதையும் கேட்டார், நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் என்றார், பிறகு சஞ்சிகைக்கு எழுத உட்கார்ந்தார். முடிவு பிழை என்று அறிவித்துக் கட்டுரையை மீளப்பெற்றார்கள். சஞ்சிகையில் நாலு வரி அறிவிப்பு வந்தது. அந்த நாலு வரியை எழுத எடுத்த கவனம் கட்டுரைக்கு எடுத்ததைவிடக் கூட.

ஆய்வேட்டில் மிஞ்சியது ஒரு பிழையின் விளக்கம். அது மட்டும் ஒரு பட்டத்துக்குப் போதாது, புதிய ஆடிகள் செய்து அளந்து சேர்க்கலாம் என்று சொன்னார்கள். படலம் பூசுகிற இயந்திரத்துக்கு மற்ற ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஒப்பந்தத்தை நீட்டக் கேட்டாள். வருத்தத்தோடு இல்லை என்றார்கள். தை மாதம் அறைத் திறப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். வேலை இல்லாமல் வீட்டிலிருந்து எழுதலாம் என்று நினைத்துச் சில காலம் எழுதவும் செய்தாள். அளக்க ஒன்றும் இல்லாமல் எழுதுவது எப்படி?

கரோலினாவின் ஒப்பந்தம் வசந்தத்தில் முடிந்தது. அவள் க்டான்ஸ்கில் இருக்கிற தாயின் வீட்டுக்குத் திரும்பினாள். போகுமுன் யதுர்ஷா அவளுடைய வீட்டுக்குப் போனாள், பெட்டி கட்ட உதவி செய்யலாம் என்று. கரோலினா கதவைப் பாதி திறந்துகொண்டு நின்றாள். உள்ளே ஒலெக், தனக்குப் போலிஷ் எழுத வராது என்று தாயோடு நொர்வேஜிய மொழியில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு உன்மேல் கோபம் இல்லை," என்றாள் கரோலினா. "உன்னைப் பார்த்தால் அந்த அறை ஞாபகம் வருகிறது. அவ்வளவுதான்."

யதுர்ஷா கொண்டுபோன சாப்பாட்டுப் பெட்டியை வாசலில் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு அவர்கள் சந்திக்கவில்லை.

வீட்டில் விஷயத்தைச் சொன்னது அதற்கு முன்பே, பொங்கலுக்கு அடுத்த நாள். அம்மா குசினிக்குள் போய்ச் சட்டிகளை அடுக்கினார். அப்பாதான் கேட்டார்.

"நீ பிழையொண்டும் செய்யேல்லையே?"

"எல்லாரும் சேந்துதான் பிழை விட்டனாங்கள். பிறகு நான்தான் கண்டுபிடிச்சனான்."

"கண்டுபிடிச்சது சரியோ?"

"சரி அப்பா."

"அப்ப ஏன் உன்னை நிப்பாட்டினவங்கள்?"

"நிப்பாட்டேல்லை. காலம் முடிஞ்சு போச்சு."

இந்திரகுமார் தலையை ஆட்டினார். விளங்கியதுபோல் அல்ல, விளங்காத இன்னொன்றையும் மற்றவைகளோடு சேர்த்து வைத்துக்கொள்பவர்போல. அதன் பிறகு அணுவைப் பற்றி அவர் கேட்கவில்லை. ஸ்தவாங்கர்க்காரர் வந்தார்கள், சாப்பிட்டார்கள், மகனைப் பற்றிப் பேச்செடுக்காமல் போனார்கள். லோறென்ஸ்கூக் சனம் கேட்டால் அம்மா, "பள்ளிக்கூடத்திலை படிப்பிக்கிறா" என்று சொல்லத் தொடங்கினார்.

அது பாதி உண்மை. யதுர்ஷா விகார், அதாவது சுகமில்லாமல் லீவில் நிற்கிற ஆசிரியர்களுக்குப் பதிலாகப் போகிறவள். காலையில் கைபேசிக்குச் செய்தி வரும், இன்றைக்கு எந்தப் பள்ளி, எந்தப் பாடம் என்று. இயற்பியல் அநேகமாக வராது. ஆளில்லாத வகுப்புகளைக் காவல் காப்பதுதான் அதிகம். பிள்ளைகள் அவளுடைய பெயரைக் கேட்கமாட்டார்கள், நாளைக்கு வேறொருவர் வருவார் என்று அவர்களுக்குத் தெரியும். பட்டம் இல்லாத நாலு வருஷத்தைப் பார்த்துவிட்டு கம்பனிகளும் கூப்பிடவில்லை. முதலில் மாதம் ஒரு விண்ணப்பமாவது போட்டாள். பிறகு அதுவும் விட்டுப்போனது.

இரண்டு வருஷம் கழிந்து ஒரு மார்ச் மாதம். ஆசிரியர் அறையில் தேநீரோடு இருந்தபோது, பழைய பழக்கத்தில் புதிய கட்டுரைகளைத் தட்டிப் பார்த்தாள். தூர தேசத்துக் குழு ஒன்று. வெள்ளி ஆடி, மெல்லிய படலம், அணைகிற வேகம் பலமடங்கு. தேநீரைத் தள்ளி வைத்துவிட்டு வாசித்தாள். பிரகாசம் குறைந்ததற்கு அவர்களும் ஒரு வசனம் எழுதியிருந்தார்கள். ஏறக்குறைய அதே வசனம். கீழே, இந்த விளைவை முதலில் காட்டியவர்கள் என்று அவளுடைய பெயரும் கரோலினாவின் பெயரும். மீளப்பெற்ற கட்டுரை என்ற குறிப்பே இல்லை.

அந்தக் குழுவுக்கு அங்கேயே இருந்து எழுதினாள். அணுக்களை எண்ணுங்கள், படலத்தை வெட்டிப் பாருங்கள், எங்களுக்கு நடந்தது இதுதான், மறைக்க ஒன்றுமில்லை, கேட்டால் எல்லா அளவீடுகளையும் தருகிறேன். எழுதிய முகவரியில் நிறுவனத்தின் பெயர் இல்லை, பட்டமும் இல்லை. வெறும் யதுர்ஷா இந்திரகுமார். பதில் வரவில்லை. கிழமைகள் போய் இன்னொரு தரம் எழுதினாள். அதற்கும் வரவில்லை. அதற்குள் அந்தக் கட்டுரையை வேறு இரண்டு பேர் மேற்கோள் காட்டியிருந்தார்கள்.

பிறகொரு நாள் ஆசிரியர் அறையில் இருந்து கரோலினாவுக்கு அந்தக் கட்டுரையின் இணைப்பை அனுப்பினாள், ஒரு சொல்லும் எழுதாமல். பார்த்துவிட்டாள் என்று நீல அடையாளம் காட்டியது. அதோடு சரி.

மணி அடித்தது. அன்றைக்கு அவளுக்குக் கிடைத்திருந்தது எட்டாம் வகுப்பின் சமையல் பாடம். வாஃபல் சுட வேண்டும். போவதற்குள் யாரோ மாவைக் கருக்கிவிட்டிருந்தார்கள், அறை முழுக்கப் புகை, பிள்ளைகள் கத்திக்கொண்டு நின்றார்கள். யதுர்ஷா மின்சாரத்தை நிறுத்தினாள், ஜன்னல்களைத் திறந்தாள். ஈரக்காற்று உள்ளே அடித்தது. "எல்லாரும் கை கழுவுங்கோ," என்றாள். தமிழில் சொல்லிவிட்டது பிறகுதான் தெரிந்தது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நொர்வேஜிய மொழியில் இன்னொரு தரம் சொன்னாள்.